சும்மா வந்த பை

சுவீடன்காரரான ஸ்டென் குஸ்தாஃப் துலின் வெளியே கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு பொலித்தீன் பையைச் சிறிதாக மடித்து வைத்துக்கொள்வாராம். கடையில் அதை விரிப்பார், வாங்கிய சாமானைப் போடுவார், வீட்டுக்கு வந்ததும் திரும்ப மடித்து வைப்பார். 2019இல் பிபிசிக்கு இதைச் சொன்னவர் அவருடைய மகன் ராவுல். தகப்பன் 2006இலேயே காலமாகிவிட்டார். அந்தப் பையை உலகத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே துலின்தான். நாம் சொப்பின் பேக் என்கிறோமே, மேலே இரண்டு பிடி வைத்த பை, அதேதான். காகிதப் பைக்காக மரம் மரமாக வெட்டுகிறார்களே, கிழியாத, நனையாத ஒரு பை இருந்தால் ஆட்கள் அதையே திரும்பத் திரும்பப் பாவிப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. ஒருமுறை பாவித்துவிட்டு வீசுவார்கள் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும் என்கிறார் மகன்.

வாடைக்காற்றுக் காலத்தில் திருகோணமலையின் உப்புவெளிக் கரையிலோ டச்சு விரிகுடாவிலோ நடந்து பார்த்தவருக்கு இந்தக் கணக்கு சிரிப்பை வரவழைக்கும். சொப்பின் பேக்கைத் திட்டி எழுதிய கட்டுரைகளுக்கு ஒரு குறைவும் இல்லை. எனக்கு அதன் சாதகத்தைப் பார்க்கத்தான் ஆசை: எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எந்த வயதில் கெட்டது.

துலின் தகப்பன் என்றால் பாட்டன்மார் இருவர், ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபோசெட்டும். இங்கிலாந்தின் செஷையர் பகுதியில், வின்னிங்டன் என்ற இடத்தில் ஐசிஐ கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர்கள். பயங்கரமான அழுத்தம் கொடுத்தால் சாதாரண இரசாயனங்கள் என்ன செய்யும் என்று பார்ப்பது அவர்களுடைய வேலை. 1933 மார்ச் 24, வெள்ளிக்கிழமை, எதிலீன் வாயுவையும் பென்சால்டிஹைட் என்ற திரவத்தையும் ஓர் உருக்குக் கலத்துக்குள் அடைத்து, 170 பாகை வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு அழுத்தமும் ஏற்றி, வார இறுதிக்கு அப்படியே விட்டுப் போனார்கள். திங்கட்கிழமை வந்து திறந்தபோது இரண்டும் சேர்ந்து எதிர்பார்த்த பொருள் எதுவும் இல்லை. குழாய் நுனியில் மட்டும் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி நிறுத்தால் அரைக் கிராமும் தேறாது.

அதைத் திரும்பச் செய்து பார்க்கப் போனால் கலம் வெடித்தது. சில தடவை வெடித்த பிறகு கம்பனி அந்த வேலையை நிறுத்தி வைத்தது. 1935 டிசம்பரில் மைக்கேல் பெரினும் கூட்டாளிகளும் இன்னும் பலமான கருவியோடு மறுபடி முயன்றார்கள். நடுவில் கலம் கசிந்து அழுத்தம் இறங்கியது. ஈடுசெய்ய மேலும் எதிலீனை ஏற்றினார்கள். இந்தமுறை எட்டுக் கிராம் வெள்ளைத் தூள் கிடைத்தது. பின்னால் ஏற்றிய வாயுவோடு மிகச் சிறிய அளவு ஒட்சிசனும் உள்ளே போயிருந்தது, அதுதான் தாக்கத்தைத் தொடக்கிவைத்தது என்பது பிறகுதான் விளங்கியது. கூடிப்போனால் வெடிக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. கசிவு இல்லாமல் இருந்திருந்தால் பொலித்தீன் இன்னும் எத்தனை வருடம் காத்திருந்திருக்குமோ.

தொழிற்சாலை அளவில் உற்பத்தி தொடங்கிய நாள் 1939 செப்டெம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போடலாம் என்று யோசித்திருந்தார்கள். யுத்தம் அதற்கு வேறு வேலை கொடுத்தது. ராடார் கருவிகளுக்குள் ஓடுகிற, அதிவேகமாக அதிரும் மின்னலைகளைச் சாதாரண உறைகள் உறிஞ்சிவிடும். பொலித்தீன் உறை ஏறக்குறைய அப்படியே கடத்திவிடும். பாரமும் இல்லை, ஈரமும் ஏறாது. விமானத்துக்குள் ராடாரை ஏற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியமாக இருந்தது, பொலித்தீன் வந்தபின் கைக்கடக்கமான காரியமாயிற்று என்று ராடாரின் பிதாமகர்களில் ஒருவரான ரொபர்ட் வாட்சன்-வாட் பின்னாளில் நன்றியோடு சொன்னார். யுத்தம் முடியும்வரை பொலித்தீன் கடைத்தெருப் பக்கமே வரவில்லை.

ராடார் என்றதும் திருமலைக்காரருக்கு ஒரு திகதி ஞாபகம் வரவேண்டும். 1942 ஏப்ரல் 9, காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடம். எலிசபெத் முனையில் இருந்த ராடார் நிலையம், வடகிழக்கே தொண்ணூறு மைலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் திரண்டு வருவதைக் கண்டது. கொஞ்ச நேரத்தில் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு விழுந்தது. முந்தின இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. அதிலிருந்த 300க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பொலித்தீன் அந்த ராடார்க் காலத்துப் பிள்ளை. துறைமுகத்து நீரில் இன்று மிதக்கிற பொருளை அன்று பெயர்சொல்லிக் கேட்டிருந்தால், யுத்தத் தளவாடம் ஒன்றை விசாரிக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

1945இல் யுத்தம் முடிந்ததும் ஐசிஐக்கு ஒரு கவலை வந்தது. இவ்வளவு ராடார் இனி எதற்கு, இந்தப் பொலித்தீனை யார் வாங்குவார்? அதன் பிறகு நடந்தது தேடல்தான், ஆனால் வழக்கமான திசையில் அல்ல. ஒரு தேவை இருந்து அதற்குப் பொருள் தேடவில்லை. பொருள் கையில் இருந்தது, அதற்குத் தேவை தேடினார்கள். பாத்திரம் கழுவும் பேசின், வாளி, குழாய், விளையாட்டுச் சாமான். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் 1946இல் காற்றுப் புகாத மூடி வைத்த டப்பாக்களை விற்கத் தொடங்கினார். நம் வீட்டுக் குசினிகளில் அவருடைய பெயர் இன்னும் இருக்கிறது. அந்தப் பொருட்கள் வருடக்கணக்கில் நின்றன. பொலித்தீன் என்றாலே குப்பை என்று நினைக்கிறோமே, அதன் ஆரம்ப வருடங்களில் அது பெரும்பாலும் நீடித்து உழைக்கிற பொருளாக விற்கப்பட்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1953இல் ஜேர்மனியில் கார்ல் சீக்லர் அந்தப் பயங்கர அழுத்தம் இல்லாமலே எதிலீனைப் பொலித்தீனாகக் கோக்க ஒரு வழி கண்டார். 1963இல் இத்தாலியரான நட்டாவோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புதிய பொலித்தீன் அடர்த்தி கூடியது, அதனால் மிக மெல்லியதாக இழுத்தாலும் தாங்கும். கையில் எடுத்தால் சரசரக்கும் பை இதில் செய்தது. சத்தமில்லாமல் வழுவழுப்பாக இருப்பது கிப்சன் வழி வந்த பழைய வகை. அடுத்தமுறை கடையில் கொடுக்கும்போது காதில் வைத்துப் பார்க்கலாம். எந்த வழி வந்தது என்று தெரிந்துவிடும். ஆரம்ப நாட்களில் எதிலீனைச் சாராயத்திலிருந்து எடுத்தார்கள். பிறகு பெற்றோலியத்துக்கு மாறினார்கள். எண்ணெய் மலியமலியப் பொலித்தீனும் மலிந்தது.

துலின் வேலை பார்த்த இடம் நொர்ஷோப்பிங் நகரத்தின் செல்லோபிளாஸ்ட் கம்பனி. அவர் செய்ததில் புத்திசாலித்தனம் இருக்கிறது. உருக்கிய பிளாஸ்டிக்கை வளையம் வழியாக ஊதி நீண்ட குழாயாக இழுக்கிறார்கள். அதைத் தட்டையாக அமுக்கி, இரண்டு பக்கமும் உள்மடிப்பு வைத்து, மேலும் கீழும் சூடுவைத்து ஒட்டி, மேல் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் முடிந்தது. பசை இல்லை, தையல் இல்லை, தனியாகக் கைப்பிடி இல்லை. விரித்தால் ஒரு கையில்லாத பனியன். ஐந்தாறு கிராம் எடை. தூக்குவதோ கிலோக் கணக்கில். 1965இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அமெரிக்கச் சந்தையில் நுழைய நினைத்த மொபில் எண்ணெய்க் கம்பனி அந்தக் காப்புரிமையை எதிர்த்து வழக்காடி 1977இல் அதை நீக்கவைத்தது. பிறகு யாரும் செய்யலாம் என்றாயிற்று. 1982இல் அங்கே சேஃப்வே, க்ரோகர் போன்ற பெரிய கடைகள் காகிதத்தை விட்டு இதற்கு மாறின. காகிதப் பையைவிட மலிவு, அடுக்கி வைக்க இடமும் குறைவு. கடைக்காரருக்கு அது சாமானோடு சேர்ந்த செலவில் அடங்கிவிட்டது. வாங்குகிறவரிடம் காசு கேட்கவில்லை. வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

பை கெட்டது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. பொலித்தீன் 1933இல் பிறந்தபோதல்ல, துலின் அதை வெட்டி ஒட்டியபோதும் அல்ல. கொடுப்பவரும் வாங்குபவரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத விலைக்கு அது இறங்கியபோது.

1977 இலங்கைக்கும் ஒரு திருப்பம். ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதற்கு முன்னிருந்த தட்டுப்பாட்டுக் காலத்தை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. இறக்குமதிக் கதவு திறந்ததும் வந்த சாமான்களோடு பிளாஸ்டிக் மூலப்பொருளும் வந்தது, பை ஊதும் இயந்திரங்களும் வந்தன.

அதற்கு முன் திருகோணமலையில் சாமான் வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பனையோலையில் இழைத்த உமல் இருந்தது. பன் புல்லில் இழைத்த பை இருந்தது. மீனைச் செவுளால் ஈர்க்கில் கோத்துக் கோர்வையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். என்ன மீன், யார் வீட்டுக்கு என்று தெரு முழுக்கத் தெரியும். கச்சான் சரையில் வரும். சீனியும் பருப்பும் பழைய பேப்பரில் ஒட்டிய பையில், கடை முகட்டிலிருந்து தொங்கும் நூற்கட்டையில் நூலை இழுத்துக் கட்டித் தருவார்கள். தேங்காயெண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோக வேண்டும், மண்ணெண்ணெய்க்கு வேறு போத்தல், மாறிப்போனால் அன்றைக்குக் கறி அவ்வளவுதான். சோடா வேண்டுமென்றால் வெறும் போத்தலைக் கொடுத்தால்தான் நிறைபோத்தல். தெருவில் போத்தல் பேப்பர்காரர் கூவிக்கொண்டு வருவார். அவர் வாங்காத பொருளென்று வீட்டில் அதிகம் இராது.

அது பொற்காலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உமல் மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பேப்பர்ப் பை மீன் ஈரத்தில் பிய்ந்துபோகும். ஓலை கீறி, காயவைத்து, இழைத்த பெண்களுக்குக் கிடைத்த கூலி சொற்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏற்பாடு முழுவதும் யாரோ ஒருவருடைய ஞாபகத்தில் நின்றது. எந்தப் போத்தல், எந்தப் பை, எத்தனை வெறும் போத்தல் என்று தலைக்குள் வைத்திருந்து, கடைக்கு ஓடும் பிள்ளையின் கையில் சரியானதைக் கொடுத்தவர் பெரும்பாலும் அம்மா. வேலை முடிந்து வரும் வழியில் சட்டென்று மீன் வாங்க வேண்டுமென்றால் வழியில்லை. சொப்பின் பேக் வந்து எடுத்துக்கொண்டது இந்தச் சுமையைத்தான். வசதி என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல், ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லாமைதான். அதனால்தான் விடுவது கஷ்டமாக இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று திட்டினால் போய்விடக்கூடிய பொருள் அல்ல அது.

கிழக்கு மாகாணத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்நாட்டு யுத்த காலத்தில் இங்கே ஒரு தலைமுறை ஓடத் தயாராகவே தூங்கியது. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு சொப்பின் பேக்கில் சுற்றி, அதை இன்னொன்றில் சுற்றி, இறாக்கையிலோ தலைமாட்டிலோ வைத்திருப்பார்கள். வாவியைக் கடந்தாலும், மழையில் மரத்தடியில் கிடந்தாலும் உள்ளே நனையாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்து போனபின், சேற்றுக்குள்ளிருந்து பொலித்தீனில் கட்டிய உறுதி உலர்ந்தபடி கிடைத்ததென்றால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் மிச்சம். நூற்றாண்டுகளுக்கு உக்காது என்று நாம் குற்றம் சாட்டுகிறோம். அந்த உக்காத குணத்தை நம்பி இருந்த மக்கள் இவர்கள். இவர்களுக்குப் பொலித்தீன் கேடு என்று வகுப்பெடுக்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

சொப்பின் பேக்கின் கூடப்பிறந்தது லஞ்ச் ஷீட். வாழையிலையை நெருப்பில் வாட்டி, பேப்பரில் சுற்றிக் கட்டிய சோற்றுப் பார்சல் போய், இலைக்குப் பதில் மெல்லிய பொலித்தீன் தாள் வந்தது. சொதி ஒழுகாது, இலை தேடி அலைய வேண்டாம், கிழிந்த இலையைக் கழிக்க வேண்டாம், பிளேன்டீக் கடைக்காரர் பீங்கான் கழுவவும் வேண்டாம்: பீங்கான் மேல் ஒரு ஷீட்டைப் போட்டுப் புட்டை வைத்தால், சாப்பிட்டபின் ஷீட்டைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்தவருக்கு அதே பீங்கான். தண்ணீருக்குத் தட்டுப்பாடான ஊரில் இந்த வசதிக்கு எதிராக வாதாடுவது லேசல்ல. சூடான எண்ணெய்க் கறியை அதில் வைப்பதுதான் என்னால் சகிக்க முடியாதது.

எறிந்தது எங்கே போகிறது என்பதற்குத் திருமலை நல்ல இடம், ஏனென்றால் இங்கே எல்லாம் வந்து சேர்கிறது. மகாவலி மலைநாட்டில் எழுந்து 335 கிலோமீற்றர் ஓடி மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. வழியில் உள்ள ஊர்கள் ஆற்றில் விட்டதெல்லாம் அதோடு வரும். உள்துறைமுகம் நிலத்தால் சூழப்பட்டது. பெரிய அலை இல்லை. கப்பலுக்கு எது பாதுகாப்போ மிதக்கும் பைக்கும் அதுவே பாதுகாப்பு, லேசில் வெளியே போகாது. கரையோரக் கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டி நிற்கின்றன. பை அதில் போர்த்திக்கொண்டால் வேர் மூச்சு விட முடியாது. மேலே பிரட்றிக் கோட்டையில், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்களுக்கு யாத்திரீகர்கள் சாப்பாடு கொடுப்பார்கள். மான்கள் நகரத்துக் குப்பையையும் மேயும். உப்பும் எண்ணெயும் பிடித்த பொலித்தீன் அவற்றுக்கு உணவாகத் தெரிகிறது. அசைபோடும் பிராணியின் வயிற்றில் அது செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்ற யானைகள் எட்டு வருடத்தில் இருபது அளவில் இறந்தன என்ற செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது.

பொறுக்கி விற்றால் என்ன என்று கேட்கலாம். ஐந்தரைக் கிராம் பையென்றால் ஒரு கிலோ சேர 180க்கு மேற்பட்ட பை பொறுக்க வேண்டும். அதிலும் மீன் நாற்றமும் சோற்றுப் பருக்கையும். பெட் போத்தலுக்குக் காத்திருக்கிற கை இதற்குக் குனியாது.

சட்டம் தூங்கவில்லை. 2007 ஜனவரி 1 முதல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கு இலங்கையில் தடை. ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. சந்தையில் மைக்ரோன் கருவியோடு யார் நிற்பது? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அதன் அதிர்ச்சியில் அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் ஷீட்டுக்கும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும், அந்தச் சரசரக்கும் வகைப் பொலித்தீனில் செய்த சொப்பின் பேக்குக்கும் தடை வந்தது. பொலித்தீன் தொழிற்சாலை திறந்து சரியாக 78 வருடம், திகதி தற்செயல்தான். உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், அவகாசம் கேட்டார்கள். பிறகு கடைக்குச் சரசரக்காத வகை வந்தது. லஞ்ச் ஷீட்டில் உக்கும் என்று அச்சடித்து வந்தது; உக்குவதற்கு என்ன வெப்பம், என்ன ஈரம், எத்தனை மாதம் வேண்டும் என்று அதில் அச்சடிக்கவில்லை.

2021 மார்ச் இறுதியில் 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான சஷே பக்கட்டுகளுக்குத் தடை. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. சஷேயைப் பெரிதாக வளர்த்தவர்களில் ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். பெரிய போத்தல் வாங்க வசதியில்லாதவரும் ஷாம்பூ போடட்டும் என்று நினைத்தவர். துலினைப் போல அவரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. 2023 ஒக்டோபர் 1இல் இன்னொரு பட்டியல்: உறிஞ்சு குழாய், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, கோப்பை, பூமாலை, இடியப்பத் தட்டு. யோகட் கோப்பைக்கு மட்டும் விலக்கு. இடியப்பத் தட்டைப் பார்த்தபோது சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. பிரம்புத் தட்டும் பனையோலை நீத்துப்பெட்டியும் இருந்த ஊரில் அதைப் பிளாஸ்டிக்கில் செய்து, பிறகு வர்த்தமானி போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பொருளைப் பிடித்தன. தடிப்பு, வகை, அளவு, பெயர். ஒவ்வொரு வரையறைக்கும் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது, வியாபாரம் அதன் வழியே போனது. சும்மா கிடைக்கிறது என்ற விஷயத்தை யாரும் தொடவில்லை.

அயர்லாந்து அதைத்தான் தொட்டது. 2002 மார்ச்சில் பைக்கு 15 சதம் வரி போட்டார்கள். தடை இல்லை, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். கொஞ்ச நாளிலேயே பாவனை 90 வீதத்துக்கு மேல் விழுந்தது. பதினைந்து சதம் யாரையும் ஏழையாக்காது. கவுண்டரில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, அவ்வளவுதான்: பை வேண்டுமா? அதே வருடம் பங்களாதேஷ் மெல்லிய பைகளை முழுதாகத் தடைசெய்தது. வெள்ளத்தில் வடிகால்களை அடைத்தது பைதான் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். உலகத்தில் முதல் தடை அது. ஆனாலும் அங்கே பை ஒழியவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார்கள். மஞ்சப்பையும் இலவசமாகத்தானே கிடைத்தது, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தார்களே என்று என் வாதத்தை மடக்கலாம். கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறை கத்தரிக்காய் வாங்கும்போதும் கொடுக்கவில்லை. கொடுத்தவருக்கு அது ஒரு செலவு, அதில் அவர் வீட்டுப் பெயர் இருந்தது, வாங்கியவர் அதை ஆணியில் மாட்டினார். அந்த ஆணியை விட்டுவிட்டுப் பையை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் துணிப் பையும் குவியும். கருத்தரங்குக்குப் போய்வந்தவர்களின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பருத்தி விளைய நீரும் உரமும் நிறைய வேண்டும். டென்மார்க் அரசு 2018இல் செய்த கணக்கின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தாலே, சாதாரணப் பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் பாவித்தால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பையை ஈடுசெய்யும். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது.

2025 நவம்பர் 1 முதல் இலங்கையிலும் சொப்பின் பேக்கைச் சும்மா கொடுக்கக் கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை; பைக்கு விலை போட்டு, பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இத்தனை வருடச் சட்டங்களில் சரியான நரம்பைத் தொட்டது இதுதான் என்று நினைக்கிறேன். சுப்பர் மார்க்கட்டில் அது எளிது, இயந்திரம் கேட்கும், நாம் பதில் சொல்லுவோம். மீன் சந்தையில் பற்றுச்சீட்டு ஏது? பக்கத்து மீன்காரர் சும்மா கொடுக்கும்போது ஒருவர் ஐந்து ரூபா கேட்டால் வாடிக்கை போய்விடும். கேட்கும் பொறுப்பை அவர் தலையில் போடுவது நியாயமும் அல்ல. அங்கே வாங்குகிறவர்தான் கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோவதென்றால் எதைக் கொண்டுபோவது என்ற கேள்விக்குத் துணிப் பை பதிலாகாது; சூரை வெட்டிய இரத்தம் அதில் ஒருமுறை ஊறினால் போதும், வீட்டுக்குள்ளே விடமாட்டார்கள். உமல் இப்போது அழகுப் பொருள் விலைக்கு விற்கிறது. எனக்குத் தெரிந்து சரிவருவது மூடியுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி. பெயின்ட் வாளி வேண்டாம், சாப்பாட்டுச் சாமானுக்கென்று விற்பதை வாங்க வேண்டும். அதுவும் இதே பிளாஸ்டிக் குடும்பந்தான், டப்பரின் டப்பா வழி வந்தது. பத்து வருடம் நிற்கும். சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும், ஐஸ் தண்ணீர் சிந்தாது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிக்க மாட்டார். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அதைப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டால் ஞாபகம் வைக்கிற தொல்லையும் இல்லை. தராசில் வைக்கும்போது மட்டும், வாளியின் எடையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.